திண்ணைப் பேச்சு: அந்த டீமில் என் பையனா?



இந்தத் தடவை ஒரு கடிதத்தோடு ஆரம்பிக்கிறேன். திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை.

"அக்கா, என் மகன் எட்டாம் வகுப்பு. பாஸ்கெட்பால் நன்றாக ஆடுவான். போன வருஷம் கப் கூட வாங்கி வந்தான். இப்போது அவன் பள்ளியும் மலேசியாவில் ஒரு பள்ளியும் சேர்ந்து ஏதோ திட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி டீம் அமைப்பார்களாம். படம் வரைந்து ஒருவருக்கொருவர் அனுப்புவார்களாம், ஆட்டம் பாட்டமெல்லாம் உண்டாம். கடைசியில் அவர்கள் இங்கே வந்து நாலு நாள் தங்கி மேட்ச் ஆடுவார்களாம். சந்தோஷம்தான். ஆனால் டீமில் பாதிக்கு மேல் பக்கத்திலுள்ள சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள். இவனை 'பார்ட்னர்' என்று சேர்த்திருக்கிறார்கள். இவன் அப்பா, 'வேண்டாம், பையன் ஆட்டம் கெட்டுப் போயிடும்' என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பொல்லாதவளா அக்கா?"

பொல்லாதவளெல்லாம் இல்லை, தங்கச்சி. இருபது வருஷத்துக்கு முன்னால் என் மகனை அப்படிச் சேர்த்திருந்தால் நானும் இதையேதான் நினைத்திருப்பேன். வெட்கப்பட்டு யாருக்கும் எழுதியிருக்கக்கூட மாட்டேன். நீங்கள் எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம். நம்மில் பல பேருக்கு இந்த விஷயமே புதிது. அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம்.

முதலில் அந்த டீம் என்ன என்று பார்ப்போம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அந்தக் குறைபாடு இல்லாத பிள்ளைகளும் ஒரே சட்டை போட்டுக் கொண்டு ஒரே அணியில் ஆடுவதற்கு 'யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்' என்று பெயர். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு 1980-களின் கடைசியில் கொண்டு வந்தது. (அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் 'மூளை வளர்ச்சி குன்றியவர்கள்' என்று கூசாமல் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தையை விட்டு விட்டோம், நல்லதுதான்.) இதில் குறைபாடு உள்ளவரை 'அத்லெட்' என்பார்கள். உங்கள் மகனைப் போன்றவர் 'பார்ட்னர்'. பெயர் வைத்திருக்கும் முறையைக் கவனியுங்கள். 'உதவியாளர்' என்று வைக்கவில்லை.

சட்டதிட்டங்களும் கறாராகத்தான் இருக்கின்றன. பாஸ்கெட்பாலில் களத்தில் நிற்கும் ஐந்து பேரில் மூன்று பேர் அத்லெட், இரண்டு பேர் பார்ட்னர். வாலிபாலில் மூன்றும் மூன்றும். ஏழு பேர் ஆடும் கால்பந்தில் நாலும் மூன்றும். எந்த நேரத்திலும் பார்ட்னர்கள் எண்ணிக்கை அத்லெட்டுகளைவிட அதிகமாகக் கூடாது. பார்ட்னர் ஒருத்தனே பந்தை எடுத்துக் கொண்டு ஓடி, அவனே கூடையில் போட்டு, அவனே ஜெயித்துக் கொடுப்பதும் கூடாது. போட்டிக்கு முன்னால் அணிகளை ஆடவிட்டுப் பார்த்து, திறமையில் சமமான அணிகளை ஒரே பிரிவில் போடுவார்கள். ஆகவே உங்கள் மகன் டீம் தன்னைப் போன்ற டீமோடுதான் மோதும். மேட்ச் நிஜ மேட்ச்தான். தோற்றால் தோல்விதான், யாரும் இரக்கப்பட்டு பாயிண்ட் போட மாட்டார்கள்.

இது எங்கேயிருந்து கிளம்பியது என்ற கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. ஒரு வீட்டுக் கதைதான். ஆனால் பெரிய இடத்து வீடு.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடிக்கு ரோஸ்மேரி என்று ஒரு தங்கை. 1918 செப்டம்பரில் பிறந்தவள். ஊரெல்லாம் விஷக் காய்ச்சல் பரவிக் கொண்டிருந்த சமயம். பிரசவ வலி வந்தும் டாக்டர் வந்து சேரவில்லை. அவர் வரும் வரை குழந்தையை வெளியே வர விடாமல் தடுத்து வைத்தாள் நர்ஸ் என்று அந்தக் குடும்பத்தைப் பற்றிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. படிக்கும்போதே வயிற்றைப் பிசையும். குழந்தை நடக்கவும் பேசவும் தாமதமாயிற்று. எழுத்து ஏறவில்லை. அந்த வீடோ போட்டி போட்டு வளர்ந்த வீடு. படகு, நீச்சல், பந்து எதுவானாலும் ஜெயித்தே ஆக வேண்டும். அதில் இவள் பின்தங்கினாள். இருந்தாலும் அழகான பெண், டான்ஸ் பிடிக்கும், உடுத்திக் கொள்ளப் பிடிக்கும். அப்பா இங்கிலாந்தில் தூதராக இருந்த 1938-இல் அரசர், அரசியார் முன்னால் போய் வணங்கி விட்டும் வந்தாள்.

1941-இல் அவளுக்கு 23 வயது. கோபமும் ஆத்திரமும் அதிகமாகிறது என்று அப்பா முடிவெடுத்து, மூளையில் 'லோபாட்டமி' என்ற ஆபரேஷன் செய்ய வைத்தார். பெற்ற தாயிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்தபோது அந்தப் பெண்ணால் நடக்க முடியவில்லை, சரியாகப் பேச முடியவில்லை. அதன் பிறகு அவளைக் கண்காணாத இடத்தில், விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கத்தோலிக்க இல்லத்தில் வைத்தார்கள். இருபது வருஷம் போல வீட்டில் அவள் பேச்சே இல்லை. பணமும் செல்வாக்கும் இருந்த வீட்டிலேயே இந்த நிலைமை. நம் தெருக்களில் கொல்லைப்புற அறையில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். எனக்கே இரண்டு வீடு தெரியும். கல்யாணத்துக்கு வரன் பார்க்க வந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று பூட்டி வைத்தார்கள்.

ரோஸ்மேரிக்கு அடுத்தடுத்த தங்கைகளில் ஒருத்தி யூனிஸ். மூன்று வயது இளையவள். சின்ன வயதில் அக்காவோடு சேர்ந்து நீந்துவாள், படகுப் போட்டியில் அக்காவைத் தன் படகில் ஏற்றிக் கொள்வாள். பாய்மரக் கயிற்றைச் சரியாகப் பிடிக்கச் சொன்னால் அக்கா பிடிப்பாள் என்பது யூனிஸுக்குத் தெரியும். அந்த ஞாபகம் அவளை விடவில்லை. கல்யாணமாகி, யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்று ஆன பிறகு, ஒரு தாய் டெலிபோன் செய்தாளாம். கோடை முகாம் எதுவும் தன் பிள்ளையைச் சேர்த்துக் கொள்ள மாட்டேன் என்கிறது என்று அழுதிருக்கிறாள். "இங்கே அழைத்து வாருங்கள்" என்று யூனிஸ் சொல்லி விட்டார்.

அப்படித்தான் 1962 ஜூனில் மேரிலாந்தில் அவருடைய சொந்த வீட்டுப் புல்வெளியிலேயே முகாம் ஆரம்பமாயிற்று. முப்பத்து நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைக் கவனித்துக் கொள்ள ஹைஸ்கூல், காலேஜ் மாணவர்களை அழைத்தார். கூடுமானவரை ஒரு பிள்ளைக்கு ஒருவர். யூனிஸின் சொந்தக் குழந்தைகளும் அதே கூட்டத்தில் விளையாடின. ஜனாதிபதியின் தங்கை, நீச்சல் உடை போட்டுக் கொண்டு குளத்தில் இறங்கிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார். அதே வருஷம் ஒரு பத்திரிகையில் தன் அக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். மறைத்தது போதும் என்று அந்தக் குடும்பத்தில் பகிரங்கமாகச் சொன்னது அவர் பேனாதான்.

ஆறு வருஷம் கழித்து, 1968 ஜூலை 20-ஆம் தேதி சிகாகோ நகரின் பெரிய மைதானத்தில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். சகோதரர் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் 1,000 பேர் ஆட வந்தார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆயிரக்கணக்கில் உட்காரக்கூடிய இடத்தில் காலரி காலி. அதே போட்டிகள் 2023 ஜூனில் பெர்லினில் நடந்தபோது உலகெங்கிலுமிருந்து சுமார் 7,000 பேர் ஆடினார்கள். நம் இந்தியப் பிள்ளைகள் 76 தங்கம் உள்பட 202 பதக்கம் கொண்டு வந்தார்கள். நம் வீட்டில் கிரிக்கெட் ஸ்கோரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இதை யாராவது சொன்னார்களா? எனக்கும் அடுத்த வாரம்தான் தெரிந்தது.

கலைப் பக்கத்தையும் விட்டு விடக்கூடாது. யூனிஸின் கடைசித் தங்கை ஜீன் கென்னடி ஸ்மித், 1974-இல் மாற்றுத்திறனாளிகளுக்குப் படம், நாடகம், நடனம், இசை எல்லாம் கிடைக்க வேண்டும் என்று தனியாக ஒரு அமைப்பை ஆரம்பித்தார். அக்கா மைதானத்தைப் பிடித்தார், தங்கை மேடையைப் பிடித்தார். உங்கள் பள்ளித் திட்டத்தில் பந்தோடு படமும் நடனமும் சேர்த்திருப்பது நல்ல யோசனை என்பேன். ஓட முடியாத பிள்ளை கையில் தூரிகையைப் பிடிக்கும். பாஷை தெரியாத இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் தாளம் போதும்.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருக் கோடியில் ஒரு வீட்டில் பதினாலு வயதுப் பெண் இருக்கிறாள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். அவள் அம்மா என்னிடம் ஒரு நாள் கீரை ஆய்ந்து கொண்டே சொன்னாள்: "ஸ்போர்ட்ஸ் டே வந்தா எங்களுக்கும் அழைப்பு வரும் அக்கா. போவோம். மார்ச் பாஸ்ட்ல கடைசி வரிசையில நிக்க வெப்பாங்க. அப்புறம் நாற்காலி போட்டு உக்கார வெச்சு, கை தட்டச் சொல்லுவாங்க. எட்டு வருஷமா கை தட்டிட்டு வர்றா. யாருமே ஓடுறியான்னு கேக்கல."

இரண்டு வருஷமாக அந்தப் பெண் வேறொரு பள்ளியில் இப்படி ஒரு கலப்பு அணியில் 'போச்சே' ஆடுகிறாள். சின்னப் பந்து ஒன்றை உருட்டி விட்டு, பெரிய பந்துகளை அதன் பக்கத்தில் கொண்டு நிறுத்த வேண்டும். நம் கோலி விளையாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. ஒரு தடவை நான் பார்க்கப் போனேன். பார்ட்னராக இருந்த பெண் அவசரத்தில் பந்தை ஓங்கி விட்டு விட்டாள், அது எங்கேயோ போய் விட்டது. உடனே எங்கள் தெருப் பெண் இடுப்பில் கை வைத்துக் கொண்டு, "மெதுவா! எத்தனை தடவ சொல்றது உனக்கு?" என்று அதட்டினாள். அந்தப் பார்ட்னரும், "சாரிடி" என்று அசடு வழிந்தாள். நான் சிரித்து விட்டேன். அவள் அம்மா சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். தன் மகளுக்கு ஒருத்தியை அதட்டும் உரிமை கிடைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தாளாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகன் ஆட்டம் கெடுமா?

கோச்சிடம் நேராகப் போய் ஒன்று கேளுங்கள். இந்தக் கலப்பு ஆட்டத்தில் வகை உண்டு. ஒன்று போட்டி வகை. அதில் அத்லெட்டும் பார்ட்னரும் வயதிலும் திறமையிலும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். இன்னொன்று பயிற்சி வகை. அதில் நன்றாக ஆடத் தெரிந்த பார்ட்னர், மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்துக் கொண்டே ஆடுவான். மூன்றாவது சும்மா பொழுதுபோக்காக ஆடுவது. உங்கள் மகன் கப் வாங்கியவன் என்கிறீர்கள். அவனைப் போட்டி வகையில் போட்டால் அவனுக்கும் சலிக்கும், மற்றப் பிள்ளைகளுக்கும் பந்து கிடைக்காது. பயிற்சி வகையாக இருந்தால் பொருந்தும். எந்த வகை என்று கோச்சுக்கே தெரியவில்லை என்றால், அப்போது உங்கள் வீட்டுக்காரர் தயங்குவதில் நியாயம் உண்டு. வாரத்துக்கு எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். அவனுடைய வழக்கமான டீமின் பயிற்சி நாளை இதற்காக வெட்டச் சொன்னால் ஒத்துக் கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு இலாபம் உண்டா என்றால், உண்டு என்றுதான் சொல்வேன். தானே ஓடிப் போய்க் கூடையில் போடும் பையனுக்கு, அடுத்தவன் கைக்கு எட்டுகிற மாதிரி, அவன் பிடிக்கிற வேகத்தில் பந்தைக் கொடுக்கத் தெரியாது. இங்கே அதைக் கற்றுக் கொள்ளாமல் ஒரு பாயிண்ட் கூட எடுக்க முடியாது.

வீட்டில் நீங்கள் ஒன்றே ஒன்று பார்த்துக் கொள்ளுங்கள். "பாவம்டா, அவங்களுக்கு நீ உதவி பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அப்படிப் போகிற பையன் பந்தைத் தானமாகக் கொடுப்பான். எதிராளிக்கு அது உடனே தெரிந்து விடும். "நல்லா ஆடிட்டு வா" என்று சொல்லுங்கள், எப்போதும் சொல்வது போல.

மலேசியப் பிள்ளைகள் வந்து தங்குவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவர்களிலும் அத்லெட்டுகள் இருப்பார்களே, வீட்டில் எப்படி வைத்துக் கொள்வது என்று தயக்கம். 2003-இல் இதே ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் கோடைப் போட்டி முதன்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே, அயர்லாந்தில் நடந்தது. நெல்சன் மண்டேலா டப்ளினுக்கு வந்து தொடக்க விழாவில் நின்றார். போட்டிக்கு முன்னால் சில நாட்கள், ஒவ்வொரு நாட்டு அணியையும் ஒரு ஊர் தத்தெடுத்துக் கொண்டது. 170-க்கும் மேற்பட்ட ஊர்கள்! சின்னச் சின்ன ஊர்களெல்லாம் தாங்கள் வாழ்நாளில் பார்த்திராத தேசத்தின் கொடியைக் கடைவீதியில் கட்டி, வந்தவர்களைத் தங்கள் வீடுகளில் வைத்துச் சோறு போட்டார்கள். அங்கிருந்த இல்லத்தரசிகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் ஒன்றும் இல்லை. பெர்லினிலும் அந்த முறையைத்தான் பின்பற்றினார்கள், 200-க்கு மேற்பட்ட ஜெர்மன் ஊர்களில்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வருகிற பிள்ளையிடமே பேசுங்கள், கூட வருகிற டீச்சரிடம் "இவனுக்குக் காபி பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். சின்ன வாக்கியமாகப் பேசி, பதிலுக்குக் காத்திருங்கள். பாத்ரூம் எங்கே, விளக்கு ஸ்விட்ச் எங்கே என்று முதல் நாளே கையோடு அழைத்துப் போய்க் காட்டுங்கள். மறுநாள் காலை என்ன, மத்தியானம் என்ன என்று ராத்திரியே சொல்லி விடுங்கள். திடீர் மாற்றம் சில பிள்ளைகளைக் கலக்கி விடும். மருந்து வேளை, ஒத்துக் கொள்ளாத சாப்பாடு இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கி அடுப்படியில் ஒட்டிக் கொள்ளுங்கள். விருந்தென்று பதினாறு ஐட்டம் செய்ய வேண்டாம். இட்லியும் பருப்பு சாம்பாரும் மலேசியாக்காரர்களுக்குப் புதிதில்லை.

மறுபக்கத்துத் தாய்மார்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஆரோக்கிய விஷயம் ஒன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையை மைதானத்தில் விடுவதற்கு முன்னால் டாக்டரிடம் இதயத்தையும் கழுத்தையும் காட்டுங்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். சிலருக்கு மண்டைக்குக் கீழே உள்ள முதல் இரண்டு கழுத்தெலும்புகள் தளர்ந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் குட்டிக்கரணம் போடுவதும், தலைகீழாகத் தண்ணீரில் பாய்வதும் ஆபத்து. கழுத்து வலி, கையிலோ காலிலோ பலம் குறைவது, நடையில் மாற்றம், அடக்கத் தெரிந்த பிள்ளை திடீரென்று சிறுநீரை அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்தி உடனே டாக்டரிடம் போக வேண்டும். கண், காது, பல், பாதம் நாலையும் கூடப் பார்த்துக் கொள்ளுங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997 முதல் தன் ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்து வருகிறது. பந்து பிடிக்கத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக் கொண்டிருந்த பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதும் பந்து தெரிந்த கதைகள் உண்டு. காக்காய் வலிப்பு உள்ள பிள்ளையைத் தண்ணீரில் விட்டால், அதை மட்டுமே பார்த்துக் கொள்ள ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எட்டு வயதானால்தான் போட்டியில் சேர்ப்பார்கள். அதற்காக அது வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு முதல் ஏழு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 'யங் அத்லெட்ஸ்' என்று தனியாக விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது. கோட்டின் மேல் நடப்பது, பந்தை உதைப்பது, துணியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது என்று எல்லாம் வீட்டுக் கூடத்திலேயே செய்யக் கூடியவை. நம் நாட்டில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற அமைப்பு இதையெல்லாம் நடத்துகிறது. பக்கத்திலுள்ள சிறப்புப் பள்ளியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எங்கேயாவது "உங்க பிள்ளை கை தட்டினால் போதும்" என்றார்களானால், 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவைக் காட்டுங்கள். அரசு நடத்துகிற, உதவி தருகிற, அங்கீகரித்த பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்த்துக் கொள்ள வேண்டும், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமாக வாய்ப்புத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சண்டை போடச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஹெட்மாஸ்டரிடம் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் எழுத்தில் பதில் கேட்கலாம்.

திருச்சித் தங்கச்சிக்கு இன்னும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரரை வாதம் பண்ணி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் பயிற்சிக்கு அவரையே கூட்டிக் கொண்டு போய் விடச் சொல்லுங்கள், திரும்ப அழைத்து வரும் வரை அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். அப்புறம் அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யலாம்.

மேட்ச் நடந்தால் ஸ்கோரை எனக்கு எழுதுங்கள். தோற்றாலும் எழுதுங்கள். பந்தை யார் யார் கூடையில் போட்டார்கள் என்பதையும் சேர்த்து.